தோசையும் டயரும் ஒரே பக்கத்தில்

கேமரன் மலையில் கடற்கரை விடுதி ஒன்று இருப்பதாக ஒருவர் எங்களுக்கு எழுதி அனுப்பியிருந்தார். படத்தில் தென்னை மரங்கள் சாய்ந்து நின்றன. மணல் வெள்ளையாக இருந்தது. தூரத்தில் ஒரு படகுகூடத் தெரிந்தது. முகவரி, கியா பார்ம். அங்கே ஸ்ட்ராபெரியும் முட்டைக்கோசும் விற்கும் கடைகளுக்குப் பின்னால் கடலைத் தேடிப் போனால் மலையிலிருந்து உருண்டுதான் விழ வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று நான் செய்த முதல் காரியம் அந்தப் பதிவை அழித்தது. அன்றைக்குக் கிடைத்த திருப்தி எனக்கு இன்னும் குறையவில்லை.

நான் வேலை செய்யும் இடம் தானா ராத்தாவில், ஓர் இரும்புக்கடையின் மாடி. சின்ன நிறுவனம். மலையில் இருக்கும் தங்கும் விடுதி, சாலையோர ஒட்டுக்கடை, வாடகை வேன், காய்கறித் தோட்டம், பஞ்சர் கடை எல்லாவற்றையும் ஓர் இணைய வணிகக் கையேட்டில் போட்டு வைத்திருக்கிறோம். மலைக்கு வருகிறவர்கள் கைபேசியில் அதைத் திறந்து எங்கே சாப்பிடலாம், எங்கே படுக்கலாம் என்று பார்ப்பார்கள். அவர்கள் போய் நிற்கும் இடத்தில் அந்தக் கடை இருக்க வேண்டும். எங்கள் வேலை முழுவதும் அவ்வளவுதான்.

அதுவே பெரிய வேலை. யார் வேண்டுமானாலும் தன் கடையைப் பதிந்துகொள்ளலாம் என்று கதவைத் திறந்து வைத்திருப்பதால் குப்பையும் கூடவே உள்ளே வரும். காப்பிக்கடைக்குக் கருத்துச் சொல்லும் இடத்தில் "சுலபக் கடன், இன்றே கையில்" என்று தொலைபேசி எண்ணை எழுதிவிட்டுப் போவார்கள். இல்லாத விடுதிக்கு முன்பணம் கேட்பார்கள். ஒரே தோட்டத்துக்காரர் அவசரத்தில் பொத்தானை மூன்று முறை அழுத்தி மூன்று தோட்டத்துக்கு முதலாளி ஆகியிருப்பார். கட்டடமே இடிந்துபோன உணவகம் "இப்போது திறந்திருக்கிறது" என்று பச்சை எழுத்தில் மின்னிக்கொண்டிருக்கும். இவற்றையெல்லாம் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்வது நான்தான்.

"எம் மவ கம்பியூட்டர்ல களை புடுங்குறா" என்று அப்பா தொழிற்சாலையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் பகுதியில் இருக்கிறார். அம்மா கொழுந்து எடுத்தவர். இருவரும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் படிப்பு என்று சொல்லும்படி படித்த முதல் ஆள் நான். ஈப்போவில் பாலிடெக்னிக் முடித்துச் சான்றிதழ் வாங்கினேன். அதைச் சட்டம் போட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் நாடகம் பார்க்கும்போது அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு இதில் கூச்சமே கிடையாது. இன்னும் கொஞ்சம் பெரிய சட்டமாகப் போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றும்.

ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறை வருவதற்கு முன்னால், கையேட்டை ஒரேயடியாகச் சுத்தம் செய்ய எங்கள் பாஸ் ஒரு புது நிரலைக் கொண்டுவந்தார். பாஸ் ஈப்போவிலிருந்து வந்த சீனப் பெண்மணி. பேச்சு குறைவு, கண் கூர்மை. அந்த நிரல், கடையின் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால் கடையும் ஒன்றுதான் என்று முடிவுகட்டி, எல்லாப் பதிவையும் சேர்த்து ஒரே பக்கமாக ஒட்டிவிடும். நியாயமான முடிவு. மூன்று தோட்டத்துக்கு முதலாளி ஆனவர் மறுபடி ஒரே தோட்டத்துக்கு முதலாளி ஆனார். கையேடு, விளக்கி வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி பளிச்சென்று ஆனது. அதைப் பார்த்துக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டை முடித்த ஒரு நாளில்தான் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏண்டி, நான் டயரா விக்கிறேன்?"

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒரு பூப்பண்ணையில் செவ்வந்தி வெட்டிக் கட்டும் வேலையில் வெகுகாலம் இருந்தவர். நாள் முழுக்க நின்றபடியே செய்கிற வேலை. அதை விட்டுவிட்டு, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் தொழிற்சாலை வளைவில் ஒரு தோசைக்கடை போட்டிருந்தார். தொழிற்சாலை ஆட்கள் ஓடுகிற ஓட்டத்தில் வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். அதில் கடை நிமிராது. அப்போதுதான் சுற்றுலா வேன் நடத்தும் கிள்ளான் ஊர் அம்மா ஒருவர், விடுமுறை முழுக்கத் தினமும் காலையில் தன் ஆட்களைச் சாப்பிட அழைத்துவர இடம் தேடிக்கொண்டிருந்தார். முதல் சனிக்கிழமை ஒரு வேன் கொண்டுவந்து பார்ப்பதாகவும், பிடித்தால் தினமும் வருவதாகவும் அத்தையிடம் பேச்சு.

"இந்த லீவுல ஓடலன்னா நான் திரும்பியும் பூப்பண்ணைக்கே போயிருவேன், புள்ள. வேற வழி கெடையாது" என்று அத்தை முன்பே சொல்லியிருந்தார். அழுதுகொண்டு சொல்லவில்லை. மாவாட்டிக்கொண்டே சொன்னார். அதனால்தான் அது மனத்தில் அதிகமாகத் தைத்தது.

"என்ன அத்தை, டயரா?"

"கிள்ளான் அம்மா போன் போட்டு சிரிக்குது லா. உங்க தோசைய ரெண்டு வருஷம் ஓட்டலாமாமேன்னு கேக்குது. என்னான்னு பாரு."

பார்த்தேன். முனீஸ்வரர் எண்டர்பிரைஸ் என்று ஒரே பக்கம். முதல் படத்தில் ஒரு லோரி டயர், இரண்டாம் படத்தில் மசால் தோசை. அடுத்து ஒரு வாடகை வேன், சாமிக்குக் கட்டிய பூமாலை, ரவிக்கை தைத்து மாட்டிய ஒரு பொம்மை. கீழே வாடிக்கையாளர் கருத்துகள் எல்லாம் கலந்து கிடந்தன.

"நல்ல கெட்டி. மலை ஏறி எறங்கினாலும் கிழியல. ஐந்து நட்சத்திரம்."

"கறுப்பா இருந்துச்சு. கையில ஒட்டிக்கிட்டு போக மாட்டேங்குது. ஒரு நட்சத்திரம்."

"சட்னி பிரமாதம்."

"போன வாரம் போட்டது, நேத்து வெடிச்சிருச்சு."

அலுவலகத்தில் இருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது. வேன் வரும் சனிக்கிழமைக்கு ஒன்றரை வாரம்தான் இருந்தது.

இது எப்படி நடந்தது என்று வெளியாருக்குச் சொன்னால்தான் புரியும். எங்கள் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்தியில் முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. தகரக் கூரை, பெரிய மீசை, கையில் அரிவாள். அந்த வழியாகப் போகும் எந்த லோரியும் ஹாரன் அடிக்காமல் போகாது. எங்கள் தோட்டத்தில் யார் எந்தத் தொழில் தொடங்கினாலும் அவர் பேரைத்தான் வைப்பார்கள். வேறு பேர் வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதுகூட இல்லை. தோசைக்கடை, டயர் கடை, வாடகை வேன், பூ வியாபாரம், தையல் கடை ஐந்துக்கும் ஒரே பெயர்.

முகவரியும் ஒன்றுதான். தபால்காரர் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் இறங்க மாட்டார். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் டயர் கடையில் எல்லாக் கடிதத்தையும் போட்டுவிட்டுப் போவார். எண்ணும் ஒன்றுதான். லயத்தில் கைபேசிக்கு லைன் கிடைக்காது. முச்சந்தியில்தான் கிடைக்கும். டயர் கடைக்காரர் கோயில் செயலாளரும்கூட. பேச்சு என்றால் அவருக்கு உயிர். யார் எந்தப் படிவத்தில் எண் கேட்டாலும் அவர் எண்ணைத்தான் கொடுப்பார்கள். அவரும் போனை எடுத்து "தோசையா? இருங்க" என்று சொல்லிவிட்டு ஆள் அனுப்புவார். நாங்கள் அவரை டயர் மாமா என்போம். ஆக, பெயர், முகவரி, எண் மூன்றும் ஒன்று. நிரலின்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒரு மோசடிக்காரன் ஐந்து கடை நடத்துவதாகப் பொய் சொன்னால் எப்படி இருக்குமோ, எங்கள் தோட்டம் அச்சாக அப்படியே இருந்தது.

பாஸிடம் போய்ச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரே இடத்தில் ஒரே பேரில் பல கடை என்று சொல்பவர்களை நாம் தினமும் விரட்டிக்கொண்டிருக்கிறோமே, இவர்கள் எந்த வகையில் வேறு என்று கேட்டார். என் அத்தை என்று சொல்லவில்லை. சொன்னால் தலையசைத்துவிடுவார் என்று தெரியும். என் படிப்புக்கு அது மரியாதை இல்லை. தனிப் பெயர், தனி எண், தனி இடம் மூன்றும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தோட்டத்துக்குப் போனேன். பூசை முடிந்து சுண்டல் கொடுக்கும் நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன். கடைப் பேரோடு ஆளுக்கு ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும் என்றேன்.

டயர் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "நான்தான் மொத மொத சாமி பேர வச்சவன். நான் ஏன் மாத்தணும்? தோசைக்காரம்மா மாத்தட்டும்."

"ஆமா, சாமி இவரு வூட்டு மாமனாரு" என்றார் அத்தை. "பஞ்சர் ஒட்டுற எடத்துல ஒக்காந்திருக்காரேன்னு சாமியே மூக்கப் பொத்திக்கிட்டு இருக்கு."

"என் கடையில கிரீஸ் வாடைதான் தங்கச்சி. உன் கடையில போன வாரம் மாவு புளிச்சு, முச்சந்தி வரைக்கும் வாடை வந்துச்சே."

"தின்னுட்டுத்தானே போனீங்க, அண்ணே? மூணு தோசை."

"பசி லா. பசியில டயரக் குடுத்தாலும் தின்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பெயரை மட்டும் யாரும் விடவில்லை. கடைசியில் பூசாரி, சாமி பேரை மாற்றுவதென்றால் சாமியைத்தானே கேட்க வேண்டும் என்றார். அதை யாராலும் மறுக்க முடியவில்லை. சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனி வெற்றிலையில் மடித்துக் கட்டிச் சாமி காலடியில் போட்டார்கள். சிவப்பு வந்தால் மாற்றலாம், வெள்ளை வந்தால் கூடாது. பூசாரி கண்ணை மூடிக் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். தோசைக்கடை எப்படியாவது நிமிர வேண்டும் என்று என்னைவிட அதிகமாகத் தவித்தவர் அவர்தான். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எங்கள் கையேட்டில் ஒரு கோரிக்கையை நிராகரிக்கக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் "சாமி உத்தரவு தரவில்லை" என்று எப்படி எழுதுவது?

எழுதவில்லை, நேரில் சொன்னேன். மலாயில் சொல்லத் தொடங்கி, பூக்கட்டிப் பார்ப்பதற்கு மலாயில் சொல் கிடைக்காமல் கையால் காட்டி முடித்தேன். பாஸ் சிரிக்கவில்லை. அவருடைய அம்மா ஈப்போவில் பலகாரக்கடை திறந்தபோது, கோயிலில் மூங்கில் குச்சிகளைக் குலுக்கித்தான் பெயரை முடிவு செய்தாராம். குச்சி காட்டிய பெயர் யாருக்கும் பிடிக்கவில்லையாம். இன்னும் அந்தப் பெயர்தானாம். சரி, பெயர் இருக்கட்டும், எண்ணும் இடமும் தனியாக வேண்டும், கடை முன்னால் உரிமையாளர் நிற்கும் படம் ஒன்று வேண்டும் என்றார். நான் படி இறங்கும்போது இரண்டு இரண்டு படியாக இறங்கினேன்.

வேனும் பூவும் தையலும் எளிதாகப் பிரிந்தன. அவர்கள் மூவரும் வேலையை எப்போதோ டவுன் பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். அவர்களிடம் சொந்த எண் இருந்தது, யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அத்தைதான் கஷ்டம். புது எண்ணை உறுதி செய்ய ஒரு குறியீடு குறுஞ்செய்தியாக வரும். அது வர லைன் வேண்டும். லைனுக்கு முச்சந்திக்கு ஏற வேண்டும். அத்தை மூச்சு வாங்க ஏறி வந்து பார்க்கும்போது குறியீட்டின் நேரம் முடிந்திருக்கும்.

"இன்னொரு தரம் அனுப்பச் சொல்லுடி."

"நீங்க கீழ போகாதீங்க அத்தை. மாமா கடையிலயே நில்லுங்க. இப்ப அனுப்புறேன்."

"இந்த ஆளு மூஞ்சிய பாத்துக்கிட்டா?"

"நிக்கட்டும் நிக்கட்டும்" என்று போனில் அத்தைக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "ஒரு டயரு உருட்டிவிடுறேன், ஒக்காந்துக்க தங்கச்சி."

ஒருவழியாக எண் உறுதியானது. படம் மட்டும் பாக்கி. நான் வார நாள்களில் தானா ராத்தாவில் ஒரு தோழியோடு தங்கியிருந்தேன். வேன் வரும் சனிக்கிழமை விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் போய்ப் படம் எடுத்து அங்கிருந்தே அனுப்பிவிட்டால், வேன் வருவதற்குள் அத்தைக்குத் தனிப் பக்கம் வந்துவிடும். பாஸ் காலையிலேயே அனுமதி தருவதாகச் சொல்லியிருந்தார். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளி இரவு மழை பெய்தது. காலையில் முச்சந்திக்குப் போனபோது, தோட்டத்துக்குள் இறங்கும் பாதையில் மேட்டு மண் சரிந்து குழம்பாகக் கிடந்தது. ஆள் நடக்கலாம், வண்டி போகாது. மோட்டாரை டயர் கடையில் நிறுத்திவிட்டுக் கால்சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளை வேன் வந்து கடை வாசலில் நின்றது. பழைய ஒட்டுப்போட்ட பக்கத்தை நம்பிச் சரியாக டயர் கடைக்கே வந்துவிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பாகவே.

முன் இருக்கையிலிருந்து கிள்ளான் அம்மா தலையை நீட்டினார். "முனீஸ்வரர் எண்டர்பிரைஸ் இதானே? தோசை?"

ஒரு லோரிக்கு அடியிலிருந்து மாமா வெளியே வந்தார். கை இரண்டும் கறுப்பு. என்னைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். வேனுக்குள் இருந்த முகங்களைப் பார்த்தார். அதில் பாதி குழந்தைகள்.

"இதேதான் லா" என்றார். "எறங்குங்க, எறங்குங்க. கடை இப்பதான் தொறக்குது."

என் பக்கம் திரும்பி, உதடு அசையாமல் சொன்னார்: "ஓடு புள்ள. உங்க அத்தைய அடுப்போட தூக்கிட்டு வா. நான் இவங்கள புடிச்சு வைக்கிறேன்."

ஓடினேன். ஒரு செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. தொழிற்சாலை வளைவில் அத்தை பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கல் காய்ந்து புகையப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்த ஆளு கடையிலயா? மாட்டேன் போ. கிரீஸ்ல தோசை ஊத்தவா?"

"அத்தை, வேன் திரும்பிப் போயிரும்."

அத்தை பாதைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பாதை அப்படியே கீழே இறங்கினால் லெம்பா பெர்த்தாம்தான், பூப்பண்ணைதான். பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினார்.

"மாவு வாளிய தூக்கு."

இரவு வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அப்பா எதுவும் கேட்காமல் அடுப்பை ஒரு கையில் எடுத்து, அதன் கேஸ் தோம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டார். தோசைக்கல் அத்தை கையில், அது இன்னும் சூடாக இருந்ததால் துணியில் சுற்றி. நாங்கள் மூவரும் சேற்றில் ஏறிய அழகை யாரும் படம் எடுக்காததில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

மேலே போனபோது கடை மாறிப்போயிருந்தது. மாமா பழைய டயர்களை இரண்டு இரண்டாக அடுக்கி, சுத்தமான சாக்கு விரித்து, வட்டமாக நாற்காலி போட்டிருந்தார். நடுவில் நான்கு டயர்மேல் ஒரு பலகை, அதுதான் மேசை. காற்றடிக்கும் மெஷினின் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு டயர்களிலிருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தார். குழந்தைகள் வரிசையில் நின்று தங்கள் தலைமுடிக்கும் காற்று அடித்துக்கொண்டார்கள். மேலே, கோயில் திருவிழாவின் பழைய பேனர் பந்தலாகக் கட்டியிருந்தது.

"சாமி படத்த எங்கண்ணே கட்டுனீங்க?" என்று அத்தை பதறினார்.

"தலைக்கு மேலதான் தங்கச்சி. மழ வந்தா அவரு பாத்துக்குவாரு. நீ ஊத்து."

அத்தை ஊற்றினார். முதல் தோசை கோயிலுக்குப் போனது. அடுத்த தோசைகள் வட்டத்தில் சுற்றின. பனி விலகி, எதிர்ச்சரிவில் தேயிலை வரிசைகள் பச்சையாகத் தெரிய ஆரம்பித்தன. அப்பா நுரை பொங்கத் தே தாரிக் தேநீரை ஆற்றினார். அவருக்கு அது இத்தனை நன்றாக வரும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு மட்டும் கை சும்மா இருக்கவில்லை. வேனைச் சுற்றிவந்து ஒவ்வொரு சக்கரத்தையும் காலால் தட்டிப் பார்த்தார். பின்சக்கரத்தில் ஓர் ஆணி. ஓட்டுநர் இரண்டாவது தோசையை முடிப்பதற்குள் ஒட்டி மாட்டிவிட்டார்.

கிளம்பும்போது கிள்ளான் அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு ரெண்டு வேன் வருது. இதே எடம்தானே?"

"இல்லம்மா, என் கடை கீழ இருக்கு. நல்ல நாற்காலியெல்லாம் போட்டு..."

"நாற்காலியா? வேணாம்மா. அங்க பாருங்க, பிள்ளைங்க டயர விட்டு எறங்க மாட்டேங்குது."

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா லோரியைப் பார்த்தார்.

"எடம் இருக்குமா அண்ணே?" அத்தை அவரிடம் கிண்டல் இல்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சாமி எடம். நான் யாரு குடுக்க?" என்றார் மாமா. பிறகு, "அந்த கிரீஸ் டின்ன மட்டும் நகத்தணும்" என்றார்.

அன்று கடையின் படத்தை நான் எடுத்து அனுப்பவில்லை. எந்தக் கடையை எடுப்பது?

திங்கட்கிழமை பாஸ் முன்னால் நின்றேன். பெயர் ஒன்று, அது சாமி உத்தரவு. இனி இடமும் ஒன்று. அத்தை கை மாவாக இருக்கும், போனை எடுக்க முடியாது, அதனால் எண்ணும் மாமாவுடையதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். குறியீட்டுக்காக அத்தை மலை ஏறியது வீண். ஆனால் கடை இரண்டு. உண்மையாகவே இரண்டு. நிரலைக் கேட்டால் ஒன்று என்று சொல்லும். நான் இரண்டு என்று சொல்கிறேன். இதைத்தான் சொன்னேன். சொல்லும்போதே, இதைவிடப் பெரிய மோசடிக்கதையை நான் கேட்டதில்லை என்று எனக்கே பட்டது. அந்தப் பெண் என் அத்தை என்பதையும் சொல்லிவிட்டேன்.

பாஸ் பேனாவை மூடினார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார்.

வந்தார். காரை ஓரமாக நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்து கவனித்தார். சுற்றுலா ஆட்கள் டயரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லோரிக்காரர் ஒருவர் டயர் மாற்ற வந்து, மாற்றும்வரை இரண்டு தோசை சாப்பிட்டார். பாஸ் இறங்கி வந்து தானும் ஒரு டயரில் உட்கார்ந்தார். அத்தை அவருக்குக் காரம் குறைத்துத் தனிச் சம்பல் வைத்தார். பாஸ் அதைத் தள்ளிவிட்டு மற்றவர்கள் சாப்பிடும் சம்பலைக் காட்டினார். மூக்கில் நீர் வழிய இன்னொரு தோசை கேட்டார். மாமா அவருடைய காரின் சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, முன்சக்கரத்துக்குக் காற்று போதவில்லை என்று சொல்லி அடித்துவிட்டார். பிறகு பாஸே கைபேசியை எடுத்து இருவரையும் சேர்ந்து நிற்கச் சொன்னார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, சேலையில கறை படும்" என்று அத்தை சொல்லும்போது படம் விழுந்துவிட்டது. அந்தப் படம்தான் இன்று இரண்டு பக்கத்திலும் இருக்கிறது.

இரண்டு பக்கம். ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே எண். இரண்டின் கீழும் "நேரில் உறுதி செய்யப்பட்டது" என்று ஒரு வரி. அதற்கு முன் எங்கள் கையேட்டில் அப்படி ஒரு வரி இல்லை. ஒன்றுபோல் தெரியும் கடைகளை ஒட்டுவதற்கு முன்னால் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று பாஸ் புது விதி போட்டார். போய்ப் பார்க்கும் வேலை எனக்கு. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள், படத்தோடு. "இப்ப நேர்லயே போயி களை புடுங்குறா" என்கிறார் அப்பா. மலையெல்லாம் மோட்டாரில் சுற்றுகிறேன். போலி விடுதிகளும் முன்னைவிட அதிகமாக மாட்டுகின்றன. கடல் தெரியும் அறை என்று சொல்பவரிடம், இதோ வாசலில் நிற்கிறேன், கடலைக் காட்டுங்கள் என்று சொல்ல முடிகிறது.

கலந்து கிடந்த கருத்துகளை நானே உட்கார்ந்து கையால் பிரித்தேன். கெட்டியும் கிழியாததும் மாமாவுக்குப் போயின. சட்னி அத்தைக்கு. கையில் ஒட்டிய கறுப்பு மாமாவுக்கு, அவர் அதற்கு இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றை மட்டும் என்னால் பிரிக்க முடியவில்லை. "சீக்கிரமா முடிச்சுக் குடுத்தாங்க. சிரிச்ச முகம்." அது தனக்குத்தான் என்று இருவரும் சொல்கிறார்கள்.

விடுமுறை முடிந்த பிறகும் வேன்கள் வருகின்றன. பூப்பண்ணையிலிருந்து ஆள் தேவை என்று சொல்லி அனுப்பியபோது, வந்து தோசை சாப்பிட்டுவிட்டுப் போகும்படி அத்தை பதில் சொல்லி அனுப்பினார். அந்த எண்ணுக்கு நான் சில நேரம் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவேன், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. மணி அடித்து முடிவதற்குள் மாமா எடுத்துவிடுவார். வணக்கம், ஹலோ எதுவும் கிடையாது.

"வயித்துக்கா, வண்டிக்கா?" என்பார்.